60 விழுக்காடு மானியம் வந்தும் காற்றடித்தால் மின்சாரம் நிற்பது ஏன்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

மின்விநியோகத்தைச் சீரமைக்கும் பணிகளுக்கு ஒன்றிய அரசு 60 விழுக்காடு வரை மானியம் தருகிறது என்ற செய்தி சில ஆண்டுகளாக அடிக்கடி வெளிவருகிறது. ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு மணி நேரம் காற்றும் இடியுமாகக் கோடை மழை பெய்தால், பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடியும் வரை கரண்ட் வராத இரவுகள் இன்னும் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், வந்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பது இயல்பு. முறைகேடு ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்ற முடிவுக்குப் போகும் முன், அந்த மானியம் எதைக் குறைப்பதற்காக வகுக்கப்பட்டது, எந்தச் செலவை ஏற்கிறது, எந்தச் செலவை ஏற்பதில்லை என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மீள்திறன் என்பது என்ன

இடர்களைத் தாங்கி, பழுது வந்தாலும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றலே மீள்திறன். மின்சாரம் நம் வீட்டை அடையும் வழியில் மூன்று கட்டங்கள் உள்ளன: உற்பத்தி, தொடரமைப்பு, பகிர்மானம். தொடரமைப்பு என்பது மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் கோபுரப் பாதைகள்; பகிர்மானம் என்பது துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பி, ஊருக்கும் வயலுக்கும் கம்பங்களில் வந்து, டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் குறைந்து, வீட்டு மீட்டரில் முடியும் பகுதி.

தொடரமைப்பு இடறினால் நாடே இருளும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்தபோது சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. அப்போது தெற்கு மின்தொகுப்பு அவற்றோடு ஒரே அலைவெண்ணில் இணைக்கப்படாமல் தனியாக இயங்கியதால் தமிழ்நாடு தப்பியது. ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் ஏற்பட்டது. தொடரமைப்பின் பாதுகாப்புக் கருவிகளைப் புதுப்பிக்க, மின்தொகுப்பின் ஒழுங்கை மீறுபவர்களிடம் வசூலிக்கப்படும் கட்டணங்களிலிருந்து உருவான ‘மின் அமைப்பு மேம்பாட்டு நிதி’ மானியம் வழங்குகிறது.

நம் மாவட்டங்களின் பெரும்பாலான மின்தடைகள் அந்த உயரத்தில் நிகழ்பவை அல்ல. தருமபுரி மாவட்டத்திலேயே 765 கிலோவோல்ட் துணை மின்நிலையம் இருக்கிறது. சாலையோரப் புளியமரத்தின் கிளை ஒன்று 11 கிலோவோல்ட் கம்பியில் முறிந்து விழுந்தால், அந்தப் பெரிய நிலையத்தால் கீழே இருக்கும் கிராமத்துக்கு எந்த உதவியும் செய்ய முடியாது. ஆகவே இங்கே மீள்திறன் என்பது பகிர்மானப் பாதையின் மீள்திறன். அதற்கு மூன்று கூறுகள் உண்டு.

1. தாங்குதல். காற்று, இடி, வெள்ளம், வெயில் ஆகியவற்றைக் கம்பமும் கம்பியும் பீங்கான் இன்சுலேட்டரும் தாங்க வேண்டும்.

2. தனிமைப்படுத்துதல். பழுது ஓரிடத்தில் ஏற்பட்டால் அந்த இடம் மட்டும் துண்டிக்கப்பட்டு, மற்ற ஊர்களுக்கு மின்சாரம் தொடர வேண்டும். நம் கிராமப்புற ஃபீடர்கள், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குக் கிளம்பும் மின்பாதைகள், பெரும்பாலும் மரத்தின் கிளைகளைப் போல ஒரே முனையிலிருந்து பிரிந்து செல்பவை. அடிமரத்தருகே பழுது என்றால் நுனி வரைக்கும் இருள்தான். இரு முனைகளிலிருந்தும் ஊட்டக்கூடிய வளையப் பாதையும், இடையிடையே துண்டிக்கும் ஸ்விட்சுகளும் இருந்தால் இந்த நிலை மாறும். மூன்று கூறுகளில் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது இதுவே என்பது என் மதிப்பீடு.

3. மீட்டல். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆகும் நேரம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பாதைகள் காட்டுக்குள்ளும் மேட்டிலும் பள்ளத்திலும் செல்வதால், எந்தக் கம்பத்தில் பழுது என்று இரவில் டார்ச் விளக்கோடு லைன்மேன் நடந்து தேடும் நேரமே, பழுதைச் சரிசெய்யும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

மானியம், கடன், கடனாக வந்து மானியமாகும் பணம்

அரசு அறிவிப்புகளில் ‘நிதியுதவி’ என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. கடன் என்றால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். நம் மாவட்டங்களுக்கு மிகவும் பழக்கமான எடுத்துக்காட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். புளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து இரு மாவட்ட மக்களையும் காக்க வந்த அந்தத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறியது. மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை; ஆனால் நிபந்தனை இல்லாத மானியம் அநேகமாக இல்லை.

இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றுண்டு. 2008இல் மறுவடிவம் பெற்ற விரைவுபடுத்தப்பட்ட மின் மேம்பாட்டுத் திட்டத்தில் கணினிமயமாக்கல் பணிகளுக்கான பணம் முதலில் முழுவதும் கடனாகத் தரப்பட்டது. பணி முடிந்தால் அது மானியமாக மாறும், முடியாவிட்டால் கடனாகவே நிற்கும். பின்னர் வந்த ஊரக மின்மயமாக்கல் திட்டத்தில் பொதுப் பிரிவு மாநிலங்களுக்கு 60 விழுக்காடு மானியமும், இலக்குகளை எட்டினால் கடன் பகுதியிலிருந்து மேலும் 15 விழுக்காடு மானியமாக மாறும் வாய்ப்பும் இருந்தன. இலக்கை எட்டாத மின்வாரியத்துக்கு, அறிவிப்பில் மானியம் என்று படித்த தொகை கணக்கேட்டில் கடனாகவே தங்கிவிடும். செய்தியில் வரும் தொகைக்கும் கையில் சேரும் தொகைக்கும் வேறுபாடு வருவதற்கு இது ஒரு காரணம்.

நுகர்வோருக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஒரு கணக்குக்காக, 10 கோடி ரூபாய்ப் பணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுவதும் 10 விழுக்காடு வட்டிக் கடனில் செய்தால் முதலாண்டு வட்டி மட்டும் 1 கோடி ரூபாய். அதில் 6 கோடி மானியமாக வந்தால் வட்டி 40 லட்சமாகக் குறைகிறது. இதற்கு மேல், மானியத்தில் அமைந்த சொத்துக்கு நுகர்வோரிடமிருந்து தேய்மானமோ இலாபமோ வசூலிக்கக் கூடாது என்பது மின்கட்டண ஒழுங்குமுறையின் பொதுவான நெறி. ஆகையால் மானியத்தைத் தவறவிட்டால், அந்தச் சுமை பல ஆண்டுகளுக்கு மின்கட்டணத்திலோ மாநில அரசின் வரவுசெலவிலோ வந்து உட்காரும்.

நடப்பிலுள்ள திட்டமும் அதன் நிபந்தனைகளும்

இப்போது பேசப்படும் 60 விழுக்காடு, ‘புதுப்பிக்கப்பட்ட பகிர்மானத் துறைத் திட்டம்’ என்பதிலிருந்து வருகிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்.டி.எஸ்.எஸ். என்பார்கள். 2021 ஜூன் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது மொத்த மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் வரவுசெலவு ஆதரவு 97,631 கோடி ரூபாய். 2021–22 முதல் 2025–26 வரை என்று காலம் வகுக்கப்பட்டது. பகிர்மானக் கட்டமைப்புப் பணிகளுக்குத் தமிழ்நாடு போன்ற பொதுப் பிரிவு மாநிலங்களில் 60 விழுக்காடும், சிறப்புப் பிரிவு மாநிலங்களில் 90 விழுக்காடும் மானியம். முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டருக்குக் கணக்கு வேறு: பொதுப் பிரிவு மாநிலங்களில் ஒரு மீட்டர் செலவில் 15 விழுக்காடு, அதிகபட்சம் 900 ரூபாய். தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டருக்கான ஒப்பந்தப்புள்ளி 2024 டிசம்பர் இறுதியில் ரத்து செய்யப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். அது இத்திட்டத்தின் மீட்டர் பகுதியைச் சார்ந்தது.

திட்டத்தின் இரண்டு இலக்குகள் வெளிப்படையானவை.

1. மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பை நாடு முழுவதற்குமாக 12 முதல் 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவருதல். பாதையில் ஏறிய 100 யூனிட்டில் 90 யூனிட்டுக்குப் பில் போடப்பட்டு, அந்தப் பில் தொகையில் 95 விழுக்காடு வசூலானால், காசாக மாறியது 85.5 யூனிட், இழப்பு 14.5 விழுக்காடு. கம்பி சூடாகி வீணாவதும், கொக்கி போட்டு எடுப்பதும், பில் கட்டாமல் விடுவதும் எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம்.

2. ஒரு யூனிட் மின்சாரத்தை வழங்க ஆகும் சராசரிச் செலவுக்கும் அதிலிருந்து வரும் சராசரி வருவாய்க்கும் உள்ள இடைவெளியைப் பூச்சியமாக்குதல்.

பணம் கிடைக்க, முதலில் தகுதிநிலை நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்: தணிக்கை செய்த கணக்குகளைக் காலத்தில் வெளியிடுவது, மாநில அரசு தர வேண்டிய மானியத் தொகையையும் அரசுத் துறைகளின் மின்கட்டணப் பாக்கியையும் செலுத்துவது போன்றவை. அதன்பின் ஆண்டுதோறும் மதிப்பெண் உண்டு. 100க்கு 60 எடுக்காவிட்டால் அந்த ஆண்டு மானியத்துக்குத் தகுதியில்லை. மதிப்பெண்களில் நிதிநிலைக் குறியீடுகளுக்கே கூடுதல் எடை. 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வழங்கும் மாநிலத்தில், அதற்கான தொகையை அரசு காலத்தில் மின்வாரியத்துக்குச் செலுத்துகிறதா என்பது, காரிமங்கலத்தில் ஒரு கம்பம் மாற்றப்படுமா என்பதைத் தீர்மானிக்கும் கண்ணிகளில் ஒன்றாகிவிடுகிறது.

இழப்பு வேறு, மின்தடை வேறு

குழப்பத்தின் மையம் இந்த இடமே. திட்டம் இழப்பைக் குறைக்க வந்தது. மக்கள் எதிர்பார்ப்பது மின்தடையைக் குறைக்க. இரண்டும் பல இடங்களில் ஒன்றுபோல நடந்தாலும் சில இடங்களில் பிரிந்து போகின்றன.

காட்டோரத்தில் முப்பது வீடுகளுக்காக நீண்டு செல்லும் ஒரு பாதையைப் பாருங்கள். அதில் ஓடும் மின்சாரம் குறைவு. ஆகவே வீணாகும் யூனிட்டும் குறைவு. அந்தப் பாதையின் கம்பங்கள் எல்லாம் சாய்ந்திருந்தாலும் இழப்புக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால், பாதை துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் நேரத்தில் அதில் இழப்பே இல்லை. நூறு ரூபாய் செலவுக்கு எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று வரிசைப்படுத்தினால் ஓசூர்த் தொழிற்பகுதிக்கு அருகிலுள்ள சுமை மிகுந்த பாதை மேலே வரும்; அஞ்செட்டி மலைப்பாதை அடியில் நிற்கும். மின்தடை நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அதே பட்டியல் தலைகீழாகக்கூடும்.

மின்தடையை அளக்க வேறு அளவுகோல்கள் உள்ளன. ஒரு நுகர்வோருக்கு ஓராண்டில் சராசரியாக எத்தனை முறை மின்சாரம் தடைப்பட்டது என்பது ஒன்று; மொத்தம் எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்பது மற்றொன்று. 2020 டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இவ்விரண்டையும் நம்பகத்தன்மையின் அளவைகளாக ஏற்கின்றன. ஆனால் மாவட்டச் சராசரி ஒரே எண்ணாக வரும்போது, நகரத்தின் பல்லாயிரம் இணைப்புகளுக்கு நடுவில் மலையூரின் இருட்டு கரைந்துவிடுகிறது. ஃபீடர் வாரியாக வெளியிட்டால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2021 நவம்பர் 15 அன்று கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் இந்த விஷயத்தில் ஒப்பிடத் தக்கது. அச்சட்டத்தின் வழியே வந்த மின்தொகுப்பு மீள்திறன் மற்றும் புத்தாக்கத் திட்டத்துக்கு 1,050 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது; மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் சூத்திர அடிப்படையில் வழங்கவென 250 கோடி டாலர் தனியாக வைக்கப்பட்டது. தொகையைவிட நான் கவனிக்கச் சொல்வது, சட்டமே எழுதிவைத்த பணிப் பட்டியலை: கம்பிகளைப் புதைவடமாக மாற்றுதல், பாதைகளை இடம் மாற்றுதல், கம்பங்களைப் பேணுதல், பாதையோர மரங்களையும் புதர்களையும் கட்டுப்படுத்துதல், பழைய கம்பிகளை மாற்றுதல். புதிய மின்உற்பத்தி நிலையம் கட்ட அந்தப் பணத்தைப் பயன்படுத்த முடியாது. இயற்கைச் சீற்றத்தால் மின்சாரம் நின்றுபோவதைக் குறைப்பதே மானியத்தின் நோக்கம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் திட்டத்தின் வாசலில் இழப்பு என்று எழுதியிருக்கிறது.

இரண்டு நோக்கங்களுக்கும் உதவும் பணிகளும் நம் திட்டத்துக்குள் உண்டு என்பதை மறுக்கக் கூடாது.

1. ஃபீடர் பிரிப்பு. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் நம் மாவட்டங்களில் மோட்டார் சுமையும் வீட்டுச் சுமையும் ஒரே பாதையில் ஓடினால், மாலையில் லோ வோல்டேஜ் வருவதோடு, வயலில் விழுந்த கிளை ஒன்று ஊர் முழுவதையும் இருளாக்கும். விவசாயப் பாதையைத் தனியாகப் பிரித்தால் இழப்புக் கணக்கும் தெளிவாகும், ஊர் விளக்கும் எரியும்.

2. உறையிட்ட கேபிள். கொக்கி போடுவதைத் தடுக்கத்தான் இது இழப்புக் குறைப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஆயினும் மாந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் தாழ்வழுத்தப் பாதையில், ஈரக்கிளை உரசினாலும் மின்சாரம் துண்டிக்கப்படாமல் காக்கும் வேலையையும் செய்கிறது.

3. சிறு டிரான்ஸ்பார்மர்கள். உயரழுத்தப் பாதையை மோட்டார்களின் அருகே வரை கொண்டுசென்று, சில மோட்டார்களுக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் என வைத்தால் தாழ்வழுத்தக் கம்பியின் நீளம் குறையும். ஒன்று எரிந்துபோனாலும் பாதிப்பு சிலரோடு நிற்கும்.

வளையப் பாதைக்கும் பழுது காட்டும் கருவிகளுக்கும் இப்படி இயல்பான இடம் இல்லை. அவை மிச்சப்படுத்தும் யூனிட் சொற்பம், மிச்சப்படுத்துவது நேரத்தை.

பேரிடர் நிதி ஏன் இந்த இடைவெளியை நிரப்பவில்லை

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டில் மெதுவாக நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலோரத்துக்கு மட்டுமே புயல் என்ற எண்ணம் அன்று உடைந்தது. அதன்பின் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு 944.80 கோடி ரூபாயை மாநிலப் பேரிடர் மீட்பு நிதியின் ஒன்றியப் பங்காக விடுவித்தது. அந்த நிதியில் ஒன்றியத்தின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு.

இதுவும் ஒருவகை மானியமே. ஆனால் இதன் விதிகள், விழுந்ததை உடனடியாக நிமிர்த்துவதற்காக எழுதப்பட்டவை. விழுந்த கம்பத்துக்கு ஈடாக அதே வகைக் கம்பம். அதைவிட வலுவானதாகவோ வேறு வழியிலோ அமைப்பதற்கான பணம் இதில் இல்லை. அடுத்த புயலில் அதே இடத்தில் அதே கம்பம் விழுந்தால், அதே கணக்கில் மறுபடியும் பணம் வரும்.

இந்தச் சுழற்சியை உணர்ந்துதான் 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது. மொத்தம் 1,60,153 கோடி ரூபாயில் 80 விழுக்காடு மீட்புக்கு; 20 விழுக்காடு, அதாவது சுமார் 32,031 கோடி ரூபாய், பேரிடர் வருமுன் பாதிப்பைத் தணிக்கும் பணிகளுக்கு. எந்த ஊரில் எது பலவீனம் என்ற ஆய்வுடன் முன்மொழிவு அனுப்பினால்தான் தணிப்பு நிதியால் பயன் உண்டு. கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களுக்கு அத்தகைய ஆய்வுகள் முன்பே நடந்ததால், உலக வங்கிக் கடனுதவியுடன் அங்கே புதைவடப் பணிகள் நடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்த பிறகு, கடலோரத்தின் தேவை எல்லோருக்கும் புரிந்தது. ஊத்தங்கரையும் அரூரும் அந்த வரைபடத்தில் இடம்பெறும் அளவுக்கு ஆபத்தானவை என்று 2024க்கு முன் யாரும் கருதவில்லை. இனி அவ்வாறு கருதாமல் இருப்பதற்குக் காரணம் இல்லை.

மானியம் தொடாத செலவு

இதுவரை சொன்ன திட்டங்கள் எல்லாம் மூலதனச் செலவுக்கானவை. கிளை வெட்டுவது, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவது, கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை முறுக்குவது, வெடித்த பீங்கானை மாற்றுவது, அதற்கான ஆள், ஏணி, வண்டி ஆகியவை வருவாய்ச் செலவு. 60 விழுக்காடு மானியத்தில் நட்ட புதிய கம்பமும் இரண்டு மழைக்காலம் கவனிப்பாரின்றி நின்றால் பழைய கம்பத்தின் நிலைக்கே வந்துவிடும். களப்பணியாளர் இடங்கள் நிரப்பப்படாத பிரிவில் எந்த மானியமும் முழுப் பயன் தராது. கம்பத்தில் ஏறுபவரின் உயிருக்கும் அது ஆபத்து.

இந்த அலட்சியத்துக்கு மனிதர்கள் மட்டும் விலை தருவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் இரண்டு துயரங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. சில நாட்களில் கம்பைநல்லூர் அருகே இன்னொரு யானை மேலே சென்ற உயரழுத்தக் கம்பியில் பட்டு இறந்தது. முதலாவது குற்றம், அதைத் தடுப்பது காவல் சார்ந்த பணி. இரண்டாவது, கம்பியின் உயரம் சார்ந்தது. சமதரையில் போதுமான உயரம், ஏரிக்கரையிலும் மேட்டிலும் போதாது. அதற்கு நெட்டையான கம்பமும் உறையிட்ட கம்பியும் வேண்டும். யானை வழித்தடத்தில் செல்லும் பாதைகளை இழப்புக் கணக்கால் ஒருபோதும் மானியப் பட்டியலுக்குள் கொண்டுவர முடியாது.

பட்டியல் தயாராகும் இடங்கள்

பகிர்மானத் திட்டத்தில் எந்தப் பணி எந்த ஊரில் என்பதற்கான செயல்திட்டத்தை மின்பகிர்மானக் கழகம் தயாரிக்கிறது. 2024இல் மறுசீரமைப்புக்குப் பிறகு அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைக்க, மாநில அமைச்சரவை ஒப்புதல் தர, பின்னரே அது ஒன்றிய அரசுக்குப் போகிறது. தணிப்பு நிதிக்கான முன்மொழிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழியாகச் செல்ல முடியும். அதற்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். பராமரிப்புச் செலவின் அளவு, மின்கட்டண மனுவின்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் முடிவாகிறது. அங்கே பொதுமக்கள் கருத்துக் கூறலாம்.

இந்த மூன்று இடங்களிலும் முன்வைக்க வேண்டிய தரவு ஒன்றே: தருமபுரி, கிருஷ்ணகிரி மின்பகிர்மான வட்டங்களில் ஒவ்வொரு ஃபீடரும் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்தக் காரணத்தால் நின்றது என்ற பட்டியல். துணை மின்நிலையப் பதிவேடுகளில் ஒவ்வொரு துண்டிப்பும் நேரத்தோடு எழுதப்படுகிறது. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கேட்கலாம். ‘கிளை விழுந்தது’ என்று ஒரே ஃபீடருக்கு எதிரே பத்து முறை எழுதியிருந்தால் அங்கே வேண்டியது உறையிட்ட கேபிளும் மரக்கிளை வெட்டும் ஆட்களும். ‘பழுது கண்டறியப்படவில்லை’ என்று பத்து முறை எழுதியிருந்தால் இடைத் துண்டிப்பு ஸ்விட்சும் பழுது காட்டும் கருவியும்.